மூலப்பத்திரம் கேட்டுத்தான் நம்ப வேண்டும்

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 11 வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொண்டிருந்தார். கடைசியாகப் பார்த்தபோது மூன்று மாதச் சராசரி 7.2 இருந்தது. ஐந்து வாரத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு மாத்திரைகளை நிறுத்திவிட்டார். வெளிநாட்டு ஆய்விலேயே சர்க்கரை குணமாகும் என்று நிரூபித்துவிட்டார்களாம், மருந்து கம்பெனிகள் அதை மறைக்கின்றனவாம். அந்த வீடியோக்காரர்கள் விற்கும் மூலிகைப் பொடியை வாங்கி ஒரு மண்டலம் சாப்பிடுகிறேன் என்கிறார். டெஸ்ட் எடுக்க வரமாட்டேன் என்கிறார். நானும் பதிலுக்கு, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்லும் வீடியோக்களைத் தேடித் தேடி அனுப்பினேன். கடைசியில் அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "நான் நாலு விஷயம் பார்த்து, சொந்தமாக யோசித்து முடிவெடுத்திருக்கிறேன். நீ டாக்டர் சொன்னதை அப்படியே நம்புகிறாய். நம்ம ரெண்டு பேரில் யார் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது?" எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்களாவது சொல்லுங்கள் டாக்டர்.
— கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரத்துக்குள் அப்பாவுக்கு மூன்று பரிசோதனைகள் நடக்க வேண்டும்: வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, அதோடு எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரி. அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதைப் பின்னால் எழுதுகிறேன். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது, வாந்தி, மயக்கம், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பேசிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உடம்பில் இன்சுலினே சுரக்காத டைப் 1 சர்க்கரை உள்ளவர்கள் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரும். அங்கே எந்தச் சோதனை முயற்சிக்கும் இடமில்லை.

உங்கள் அப்பாவுக்கு வரக்கூடிய ஆபத்து மெதுவானது. அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. "உடம்பு நன்றாக இருக்கிறது" என்று அவர் சொல்வது பொய் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடத் தொடங்குகிறது. தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் அதற்குப் பிறகுதான். 200, 220 என்று வைத்துக்கொண்டு ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். விழித்திரையும் சிறுநீரகமும் கால் நரம்பும் பழுதாக வருடங்கள் ஆகும், பழுதாகத் தொடங்கும்போது பெரும்பாலும் வலிக்காது. தன் உடம்பைத் தானே கவனித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இந்த நோயில் உணர்வு நம்பகமான சாட்சி இல்லை.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அது நல்ல கேள்வி. அதில் பாதி சரியும்கூட. நீங்கள் டாக்டர் சொன்னதை நம்புகிறீர்கள், அது இரவல் அறிவுதான். என்னுடையதும் அப்படித்தான். கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தவர்கள் 1921இல் டொரன்டோவில் இருந்தார்கள், நான் இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் தப்பிக்கும் என்பதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. பிரிட்டனில் 1977இல் தொடங்கி, புதிதாகச் சர்க்கரை வந்த 5,102 பேரைச் சேர்த்து, பல வருடம் பின்தொடர்ந்து, 1998இல் முடிவைச் சொன்ன ஓர் ஆய்விலிருந்து அதைத் தெரிந்துகொண்டேன். எல்லோரும் எல்லாவற்றையும் தாங்களே சோதித்துப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும் என்றால், ஒரு பாராசிட்டமால்கூட வாயில் போட முடியாது.

ஆனால் அப்பாவிடம் இருப்பதும் இரவல்தான். டாக்டரிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடியோக்காரரிடம் வாங்கியிருக்கிறார். கடன் கொடுத்த ஆள்தான் மாறியிருக்கிறார். பிறகு ஏன் அது அவருக்குச் சொந்த யோசனையாகத் தோன்றுகிறது? இரண்டு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, அந்த முடிவுக்கு வர அவர் உழைத்திருக்கிறார். இரவெல்லாம் உட்கார்ந்து பார்த்திருப்பார், கேட்டிருப்பார், குறிப்புகூட எடுத்திருப்பார். இரண்டு, அந்த முடிவு ஊரோடு ஒத்துப்போகவில்லை. மகள் எதிர்க்கிறாள், டாக்டர் எதிர்க்கிறார், தனியாக நிற்கிறோம் என்பதே நாம் யோசித்ததற்குச் சாட்சி என்று மனசு எடுத்துக்கொள்கிறது. தனியாக நிற்பதும் தானாக யோசிப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே இருக்கும் ஆளுக்கும் அப்படியே தோன்றும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. 1977இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சில தகவல்களைப் படித்துக் காட்டி, இது உண்மையாக இருக்கும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்டார்கள். சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மறுபடி மறுபடி காதில் விழுந்த வாக்கியங்களுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது, அவை பொய்யாக இருந்தாலும். இது படித்தவர் படிக்காதவர் எல்லோருக்கும் நடப்பது. உறவினர் குழு, பழைய அலுவலக நண்பர்கள் குழு, காலை நடைப்பயிற்சிக் குழு, கோயில் குழு என்று நான்கு இடங்களிலிருந்து ஒரே வீடியோ வந்தால், நான்கு பேர் சாட்சி சொன்னதுபோல இருக்கும். உண்மையில் சொன்னவர் ஒரே ஆள்தான், மற்றவர்கள் தபால்காரர்கள். வாட்ஸ்அப்பில் பலமுறை பகிரப்பட்ட செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி விழும். அதைப் பலர் 'இத்தனை பேர் பார்த்த விஷயம்' என்று பெருமையாக எடுத்துக்கொள்கிறார்கள். யார் முதலில் சொன்னார் என்று தெரியாத செய்தி என்பதற்குத்தான் அது அடையாளம்.

நீங்கள் பதிலுக்கு அனுப்பிய வீடியோக்களையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும், வருத்தப்படாதீர்கள். அவற்றில் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அவற்றை நீங்கள் சரிபார்த்து அனுப்பவில்லை, உங்கள் பக்கம் பேசியதால் அனுப்பினீர்கள். அப்பா அதைக் கண்டுபிடித்துவிட்டார். அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

எல்லாமே இரவல் என்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? அப்பாவின் வேலையிலிருந்தே சொல்கிறேன், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த விஷயம். ஒருவர் நிலம் வாங்கப் போகிறார். கையில் இருப்பது நகல். உங்கள் அப்பா என்ன சொல்வார்? மூலப்பத்திரம் எங்கே என்று கேட்பார். முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கச் சொல்வார். முக்கியமாக நான்கெல்லையைப் படிப்பார்: கிழக்கே யார் நிலம், மேற்கே வாய்க்காலா பாதையா என்று. எல்லை எழுதாத பத்திரத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நிலம் வேண்டுமானாலும் தனது என்று சொல்லிக்கொள்ளலாம், எதையும் வாங்க முடியாது. ஓர் ஆய்வு முடிவும் அப்படித்தான். அது யாருக்கு, எந்த நிலையில், எவ்வளவு காலம், எதோடு ஒப்பிட்டு என்கிற எல்லைகளுக்குள் மட்டும் உண்மை. கை மாறும்போது முதலில் உதிர்ந்து போவது இந்த எல்லைகள்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் உதிர்ப்பதில்லை. சுருக்கமாகச் சொன்னால்தான் வாயில் நிற்கும், அதனால் உதிர்கிறது.

அப்பா பார்த்த வீடியோவையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அது எந்த ஆய்வைச் சொல்கிறது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 2017 டிசம்பரில் லான்செட் இதழில் வந்த 'டைரெக்ட்' ஆய்வாக இருக்க வேண்டும். ஸ்காட்லாந்திலும் வடக்கு இங்கிலாந்திலும் 306 பேரை வைத்துச் செய்தது. அதில் பாதிப் பேரைக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். அவர்களில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை, நோய் என்கிற அளவுக்குக் கீழே இறங்கியவர்கள் ஒரு வருடத்தில் 46 சதவீதம். பெரிய விஷயம்தான். அப்பாவுக்கு இருப்பது போன்ற டைப் 2 சர்க்கரை வந்தால் திரும்பிப் போகவே போகாது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததை அது மாற்றியது. ஆக, வீடியோவில் சொன்ன முதல் வரி பொய் இல்லை. மறைத்தார்கள் என்பதுதான் பொய். உலகத்தில் மருத்துவர்கள் அதிகம் படிக்கும் இதழ்களில் ஒன்றில் அச்சாகி வந்தது.

இப்போது எல்லைகளைப் பாருங்கள். அதில் சேர்க்கப்பட்டவர்கள் 20 முதல் 65 வயது வரை உள்ளவர்கள், அப்பாவுக்கு 67. சர்க்கரை கண்டுபிடித்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், அப்பாவுக்கு 11 வருடம். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் பருமன் குறியீடு 27க்கு மேல் இருந்தவர்கள். மாத்திரையை நிறுத்தினார்கள், உண்மை. ஆனால் அன்றிலிருந்தே மூன்று முதல் ஐந்து மாதம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி மட்டும் உள்ள பானம், சூப் வகைகளில் இருந்தார்கள். அது மூன்று இட்லி, ஒரு சாப்பாடு, இரண்டு சப்பாத்தி என்று போகும் நம் வழக்கமான நாளின் சாப்பாட்டைவிட மிகக் குறைவு. மருத்துவக் குழு கூடவே இருந்து ரத்தப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டது. 15 கிலோவும் அதற்கு மேலும் எடை குறைத்தவர்களில் 86 சதவீதம் பேர் மீண்டார்கள். எடை கூடியவர்களில் ஒருவரும் மீளவில்லை. இரண்டாவது வருட முடிவில் 46 சதவீதம் 36 ஆகக் குறைந்தது. எந்தப் பொடியும் அதில் இல்லை. இத்தனை எல்லைகளும் உதிர்ந்த பிறகு மிஞ்சியதுதான் "ஆய்வில் நிரூபித்துவிட்டார்கள், மாத்திரை வேண்டாம்" என்கிற வாக்கியம். அப்பா இந்த ஆய்வை நம்பியதில் தவறில்லை. நகலைப் பார்த்துவிட்டு வாங்கிவிட்டார்.

வாட்ஸ்அப் வருவதற்கு முன்பும் இது நடந்துகொண்டுதான் இருந்தது. தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இந்தப் பேச்சின் தொடக்கம் 1945இல் அமெரிக்காவின் உணவு ஊட்டச்சத்து வாரியம் சொன்னதாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று அது எழுதியது. அதே இடத்தில், இதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே கிடைத்துவிடுகிறது என்றும் எழுதியது. பின்னால் வந்த வரி காணாமல் போய்விட்டது. ஹைன்ஸ் வால்டின் என்கிற சிறுநீரக நிபுணர் இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை என்று 2002இல் எழுதினார். ஆரோக்கியமானவர் கொஞ்சம் அதிகமாகக் குடித்தால் பெரிய கேடு வராது. ஆனால் இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் இதை நம்பி லிட்டர் கணக்கில் குடித்துவிட்டு மூச்சு முட்டி வருகிறார்கள்.

டாக்டர்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கா என்று அப்பா கேட்பார், கேட்க வேண்டும். இல்லை. டென்ஷனாலும் காரத்தாலும் நேரம் தவறிச் சாப்பிடுவதாலும் அல்சர் வருகிறது என்று தலைமுறை தலைமுறையாக மருத்துவக் கல்லூரிகளில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் பெரும்பாலான அல்சருக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருக்கிறது என்றார்கள், யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்றைக்கும் நம் வீடுகளில் "நேரத்துக்குச் சாப்பிடாமல் அல்சர் வந்துவிட்டது" என்றுதான் சொல்கிறோம். அந்தக் கிருமியும் வலி மாத்திரைகளும்தான் முக்கியக் காரணம் என்பது இன்னும் வீடு வந்து சேரவில்லை.

மார்ஷலின் கதையை இப்படிப்பட்ட வீடியோக்காரர்களும் சொல்வார்கள்: "அவரையும் கேலி செய்தார்கள், எங்களையும் கேலி செய்கிறார்கள்." கேலி செய்யப்பட்டதால் மார்ஷல் சொன்னது உண்மையாகிவிடவில்லை. அவரைப் போலக் கேலிக்கு ஆளானவர்களில் மிகப் பலர் சொன்னது தவறாகவே இருந்தது. அவரை நம்பாதவர்கள் தங்கள் ஊரில், தங்கள் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தபோதும் அதே கிருமி கிடைத்தது, கிருமியைக் கொன்றால் அல்சர் திரும்ப வரவில்லை. எதிராளியே சோதித்துப் பார்க்க முடிகிற மாதிரி அவர் சொன்னார். அந்தப் பொடி வியாபாரி அப்படி எதையாவது சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். இத்தனை பேருக்குக் கொடுத்தோம், இத்தனை பேருக்குப் பலிக்கவில்லை என்று ஒரு வரியாவது இருக்கிறதா? பலிக்காதவர்களே இல்லாத மருந்து எந்த வைத்திய முறையிலும் கிடையாது.

சரி, சொந்தமாக நன்றாக யோசித்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. இதற்கு எங்கள் துறையில் ஒரு துயரமான பாடம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இதயத் துடிப்பு நடுநடுவே தப்பித் துடிக்கும். அப்படித் துடிப்பவர்கள் திடீரென்று இறப்பது அதிகம் என்று தெரிந்தது. தப்பும் துடிப்பை அடக்கும் மாத்திரைகளும் இருந்தன, இசிஜியில் பார்த்தால் அடங்கியது. துடிப்பு அடங்கினால் சாவும் குறையும் என்று யோசித்தார்கள். இதைவிடத் தெளிவான யோசனை என்ன இருக்க முடியும்? 1980களில் ஏராளமானவர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். பிறகுதான் அமெரிக்காவில் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மாத்திரையும் இன்னொன்றுக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பத்து மாதத்தில், மாத்திரை சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்துபோனார்கள், சாப்பிடாத 743 பேரில் 26 பேர். எண்ணிப் பார்த்திருக்காவிட்டால் அந்த மாத்திரைகள் இன்னும் எத்தனை உயிரை எடுத்திருக்குமோ. கொடுத்தவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை, பணத்தாசை பிடித்தவர்களும் இல்லை. அவர்கள் யோசனையில் ஒரு ஓட்டையும் கண்ணுக்குத் தெரியவில்லை. உடம்பு நம் யோசனைக்குக் கட்டுப்பட்டது இல்லை, அவ்வளவுதான்.

அதனால் என் துறையில் நான் நம்புவது எந்தத் தனி ஆளின் அறிவையும் இல்லை, அந்த எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை. சொன்னவர் பெரிய பேராசிரியராக இருந்தாலும் எண்ணிக்கை எதிராக வந்தால் அவர் சொன்னது விழ வேண்டும். மெட்ஃபார்மினுக்கு ஒரு உறவுக்கார மருந்து இருந்தது, ஃபென்ஃபார்மின் என்று பெயர். ரத்தத்தில் அமிலம் ஏறிச் சிலர் இறந்ததைக் கண்டு 1970களின் கடைசியில் அமெரிக்காவில் அதை நிறுத்தினார்கள். மெட்ஃபார்மின் தாக்குப்பிடித்தது.

மருந்து கம்பெனிகள் மேல் அப்பாவுக்கு இருக்கும் சந்தேகத்தை அடித்துப் பேசாதீர்கள். அதற்கு நியாயம் இருக்கிறது. ரோசிகிளிட்டசோன் என்று ஒரு சர்க்கரை மாத்திரை உலகமெங்கும் விற்றது. மாரடைப்பு அபாயத்தை அது கூட்டுகிறது என்று 2007இல் ஸ்டீவ் நிசன் என்கிற அமெரிக்க இதய மருத்துவர், பல ஆய்வுகளின் எண்ணிக்கைகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார். 2010இல் இந்தியாவில் அது தடை செய்யப்பட்டது. பாதுகாப்புத் தகவல்களை முழுசாகக் கொடுக்கவில்லை என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளை அதை விற்ற கம்பெனி 2012இல் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டு பெரும் தொகை கட்டியது. ஆக, சந்தேகப்படுவது சரி. ஆனால் ஒரு பக்கம் மட்டும் சந்தேகப்படுவது சந்தேகம் ஆகாது, அது கட்சி சேர்வது. அதே கண்ணால் பொடியையும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் காப்புரிமை எப்போதோ முடிந்துபோன மலிவான மாத்திரை. அரசு மருத்துவமனையில் இலவசம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பொடி என்ன விலை, அந்தப் பணம் யாருக்குப் போகிறது? சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம் என்பது அப்பாவுக்குத் தெரியுமா? சட்டம் தெரிந்தவர், எடுத்துச் சொன்னால் யோசிப்பார்.

பொடியைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய பயம் அது வேலை செய்யாது என்பது இல்லை. வேலை செய்துவிடுமோ என்பதுதான். சர்க்கரைக்கு என்று விற்கும் மூலிகைத் தயாரிப்புகளில் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளையே அரைத்துக் கலந்திருப்பதைப் பல நாடுகளில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் பிடித்திருக்கிறார்கள். அளவு தெரியாமல் உள்ளே போகும் அந்த மாத்திரை நடு ராத்திரியில் சர்க்கரையை 40க்கு இறக்கிவிடும். 67 வயதில் அது மூளைக்கும் இதயத்துக்கும் ஆபத்து. திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் நினைவு இருக்கும்போதே சர்க்கரை கலந்த தண்ணீர் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இதைச் சொல்வதால் மூலிகை என்றாலே எனக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். அப்பா தூக்கிப் போட்ட மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஒரு செடிதான். ஐரோப்பாவில் நாட்டு வைத்தியத்தில் பயன்பட்ட கலேகா என்கிற செடியில் இருக்கும் வேதிப்பொருள் சர்க்கரையைக் குறைப்பதைப் பார்த்து, அதே குடும்பத்தில் விஷம் குறைந்த ஒன்றைத் தேடிப் போனதில் வந்தது. 1957இல் பாரிஸில் ழான் ஸ்டேர்ன் என்கிற மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதினார். அப்பாவுக்குச் சித்த மருத்துவத்தில் நம்பிக்கை என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரசு மருத்துவமனைகளிலும் சித்த மருத்துவப் பிரிவுகள் உண்டு. படித்த சித்த மருத்துவர் நாடி பார்ப்பார், லேப் ரிப்போர்ட்டும் கேட்பார். முகம் தெரியாதவரிடம் பார்சலில் வாங்குவதற்கும் அதற்கும் நிறைய தூரம்.

சாப்பாடும் நடையும் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்யும் என்பதும் வெறும் பேச்சு இல்லை, சென்னையிலேயே எண்ணிப் பார்த்த விஷயம். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வந்தது. சர்க்கரை வரும் விளிம்பில் இருந்தவர்கள் அவர்கள். ஒன்றும் செய்யாத பிரிவில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. நடை, உணவு மாற்றிய பிரிவில் 39.3. மெட்ஃபார்மின் பிரிவில் 40.5. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், மாத்திரைக்கு வெளியே வழி தேடும் அவர் மனசுக்கு இது பிடிக்கும். எல்லையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அவர்களுக்கு அப்போது சர்க்கரை வந்திருக்கவில்லை.

இனி அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது எப்படி என்பது. "நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்" என்று ஆரம்பித்தால் கதவு மூடிக்கொள்ளும். அந்தக் கேள்வியை அவர் கேட்டாரே, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். "நீங்கள் கேட்டது சரிப்பா, நானும் சரிபார்க்காமல்தான் நம்பியிருக்கிறேன். ரெண்டு பேரும் சேர்ந்து சரிபார்ப்போம்" என்று உட்காருங்கள். ஒரு தாளை எடுத்து, பரிசோதனைக்கு முன்னாலேயே, அப்பா அவர் கையால் எழுதட்டும்: எந்த நம்பர் வந்தால் பொடி பலிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வார்? நீங்களும் எழுதுங்கள்: எந்த நம்பர் வந்தால் மாத்திரையைக் குறைப்பதைப் பற்றி டாக்டரிடம் கேட்கச் சம்மதிப்பீர்கள்? இதை முன்கூட்டியே எழுதுவது முக்கியம். ரிப்போர்ட் வந்த பிறகு யோசித்தால், எந்த நம்பருக்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடும்: நேற்று கல்யாண வீட்டில் சாப்பிட்டேன், லேப்காரன் சரியில்லை, பொடி இப்போதுதான் வேலையை ஆரம்பித்திருக்கிறது. தான் எந்த இடத்தில் தவறாகிப்போவோம் என்பதை முதலிலேயே எழுதி வைக்கிறவர்தான் சொந்தமாக யோசிக்கிறார் என்று நான் சொல்வேன். அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றால், அவர் கேட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அதோடு ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி வீட்டில் வையுங்கள். மூன்று மாதச் சராசரியில் கடைசி ஒரு மாதத்தின் பங்கு ஏறக்குறைய பாதிதான். மாத்திரை சாப்பிட்ட நாட்களின் பலனும் அதில் கலந்திருக்கும். நிறுத்திய பிறகு நடப்பது வீட்டில் குத்திப் பார்க்கும் நம்பரில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஊசி குத்துவதை அப்பாவே செய்யட்டும், நோட்டில் அவரே எழுதட்டும். அந்த நோட்டில் இருப்பது மட்டும்தான் இந்த வீட்டில் யாருக்கும் இரவல் இல்லாத தகவல். அதை எடுத்துக்கொண்டு, பொடிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போங்கள். எந்த மாத்திரையை எந்த அளவில் மறுபடி ஆரம்பிப்பது என்று அவர் சொல்லட்டும். நீங்களாகப் பழைய அளவைக் கொடுக்க வேண்டாம், அதுவரை பொடியையும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

நம்பர் நன்றாக வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் நினைப்பீர்கள். அப்படி வந்தால் அதையும் மதிக்க வேண்டும். எடை குறைந்திருக்கிறாரா, சோற்றைக் குறைத்தாரா, நடக்க ஆரம்பித்தாரா என்று பார்க்க வேண்டும், பொடிக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். காரணம் அவர் முயற்சிதான் என்று தெரிந்தால் எந்த நல்ல மருத்துவரும் மாத்திரையைக் குறைக்கத் தயங்கமாட்டார். நானாக இருந்தால் சந்தோஷமாகக் குறைப்பேன்.

அப்பா கடைசியாக விழித்திரைப் பரிசோதனை எப்போது செய்தார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் பரிசோதனைகளான சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்த விவரமும் இல்லை. 11 வருடச் சர்க்கரைக்கு இவை வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம். லேப்புக்குப் போகும் அன்றே ரத்தமும் சிறுநீரும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, அதே வாரத்தில் கண் டாக்டரிடமும் அழைத்துப் போய்விடுங்கள்.